சின்னம்மாவின் பட்டாணிப் பூக்கள்

ராயபுரத்தில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு எடுக்க மறந்தால், துறைமுகப் பக்கமிருந்து காற்றடித்த நாளில் இரும்புத்தாதுத் தூள் படிந்து அது செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கும். ரயில் யார்டு பக்கமிருந்து அடித்தால் கரி படிந்திருக்கும். எந்தக் காற்று அடித்தாலும் கருவாட்டு வாசனை மட்டும் மாறாது. அப்படிப்பட்ட இடத்தில், எங்கள் வீட்டு வாசலில் ஒரு பனிக்காலம் முழுக்க இனிப்பான பூவாசனை வீசியது என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் அந்தப் பூவைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறீர்கள். மறுவருஷம் ஏன் அந்தச் செடியை வைக்கவில்லை என்று நீங்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். எழுபத்தொரு வயதாகிவிட்டது. இனிமேல் யாருக்குப் பயந்து மறைக்கப் போகிறேன்?

சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திமூன்று வயது. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு சட்டைக்காரக் குடும்பம், ஆங்கிலோ இந்தியர்கள், இருந்தது. வீட்டுக்காரர் எஞ்சின் டிரைவர். அவர் மனைவியை எல்லாரும் மிஸ்ஸியம்மா என்போம். அந்த வீட்டுக்குப் போய் கவுன், திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் தைத்துக் கொடுப்பது சின்னம்மாவின் வேலை. அந்த வருஷம் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குப் போய் அலமாரி, கட்டில், பிரம்பு நாற்காலி என்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். சின்னம்மா ஒரு காகித உறையை மட்டும் கொண்டுவந்தாள். அதன்மேல் சாய்ந்த எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. உள்ளே மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பும் பழுப்புமாக, உருண்டை விதைகள்.

"அஞ்சு வருசமா ஒயிச்சல் இல்லாம தச்சுக் குடுத்தியே, ஒரு சீலை உண்டா, ஒரு சேர் உண்டா? பட்டாணி குடுத்து அனுப்பிச்சுட்டாளா?" என்றாள் அம்மா.

"பட்டாணி இல்லக்கா, பூவு. நாந்தான் இது வேணும்னு கேட்டு வாங்கியாந்தேன். சுயிட் பீ."

"சுயிட்டோ, கியிட்டோ. நம்ம வூட்டு மண்ணுல உப்புதான் பூக்கும்."

அம்மா சொன்னது பொய்யில்லை. எங்கள் வாசலுக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு மண் கிடந்தது. வெயில் நாளில் அதன்மேல் வெள்ளையாக உப்புப் படியும். முருங்கைக் குச்சிகூட அதில் துளிர்த்ததில்லை. மிஸ்ஸியம்மாவும், இது பெங்களூர்ப் பூ, இந்த ஊரில் வருவது சந்தேகம் என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சின்னம்மா விடவில்லை. முட்டிக்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணை வாரி வெளியே கொட்டினாள். பால்காரர் கொட்டகையிலிருந்து மக்கின சாணம் வந்தது. எதிர் வீட்டு மீன்காரம்மா, மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் தினமும் கொண்டுவந்து ஊற்றினாள். பூனைகள் வந்து தோண்டாமலிருக்கச் சின்னம்மா முள்ளை வெட்டிப் போட்டாள்.

விதைத் தோல் கெட்டி. சவர பிளேடால் ஒவ்வொன்றிலும் மெல்லக் கீறி, டீ கிளாசில் ஊறவைத்தாள். என் தம்பிக்கு அப்போது மூன்று வயது. கிளாசுக்குள் பார்த்துவிட்டு, "எனக்கு?" என்று கையை நீட்டினான். சின்னம்மா எங்கள் இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னாள்.

"இது துன்ற பட்டாணி இல்ல கண்ணுங்களா. வாயில வெச்சா கெட்தி. மிஸ்ஸியம்மா சொல்லிக்கீது. செடில காய் காய்க்கும், பச்சையா சோக்கா இருக்கும், தொடவே கூடாது. இன்னா?"

தொடமாட்டோம் என்று இரண்டு பேரும் தலையாட்டினோம்.

இருபத்திரண்டு விதை போட்டதில் ஒன்பதுதான் தங்கியது. ஐப்பசி மழை ஊற்றியபோது, எங்கள் அப்பா, நைனா, துறைமுகத்திலிருந்து பலகைகள் கொண்டுவந்தார். கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டு, பிறகு வேண்டாமென்று எறிந்துவிடும் பலகைகள். அவர் அங்கே கிரேன் ஓட்டினார். அந்தப் பலகைகளை நாற்றுக்கு மேலே கூரைபோலச் சாய்த்து வைத்தார். மழை நின்றதும், மீன்காரம்மா கிழிந்த வலையொன்றைக் கொடுத்தாள். இரண்டு மூங்கிலை நட்டு அந்த வலையைக் கட்டினாள் சின்னம்மா. சுருள் சுருளாகப் பற்றுக்கம்பிகள் விட்டுச் செடி வலையைப் பிடித்துக்கொண்டு ஏறியது.

தம்பிக்கு அந்தச் சுருள்கள்தான் அதிசயம். ஒரு நாள் சுட்டுவிரலை ஒரு சுருளுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். வெயில் மூஞ்சியில் அடித்தது. என்னடா செய்கிறாய் என்று கேட்டேன்.

"என் வெரல புடிக்குதான்னு பாக்கறேன்."

"அது புடிக்க ரொம்ப நேரம் ஆவும்டா."

"நான் நின்னுகினே இருப்பேன்."

சாப்பிடக் கூப்பிடும்வரை நின்றான். பிடிக்கவில்லை என்று அழுதுகொண்டே உள்ளே வந்தான். சின்னம்மா ஊதா நூலை எடுத்து அவன் விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, "தா பாரு, புடிச்சுகிச்சு" என்றாள். மூன்று நாள் அந்த நூலை அவிழ்க்க விடவில்லை அவன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் முதல் பூ வந்தது. வெளிர் ஊதா. அப்புறம் வெள்ளை, ரோஜா நிறம், கத்தரிக்காய்த் தோல் நிறம். இதழ்கள் டிஷ்யூக் காகிதம்போல மெல்லிசு. அதற்குள் வெளிச்சம் நிற்கும். வாசனையைச் சொல்லத்தான் எனக்கு வார்த்தை வரவில்லை. ஆரஞ்சுப் பழத்தோலை உரித்து அதில் தேன் விட்டால் வருமே, அதுபோல ஒன்று. காலையில் கதவைத் திறந்ததும் அது உள்ளே வரும். சந்துக்குள் சைக்கிளில் வருபவர்கள் காலை ஊன்றி நின்று பார்ப்பார்கள். மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாமே, உங்க வூட்டாண்ட வந்தா என் மீனு நாறமாட்டேங்குது" என்பாள்.

ஒரு விஷயம் சின்னம்மா அடிக்கடி சொல்வாள். இந்தச் செடியில் பூவைப் பறிக்கப் பறிக்கத்தான் பூ வரும். விட்டுவைத்துக் காய் பிடித்துவிட்டால், தன் வேலை முடிந்தது என்று செடி காய்ந்துவிடும். அதனால் தினமும் காலையில் கத்தரிக்கோலோடு நிற்பாள். டீச்சருக்கு ஒரு கட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் பீடத்துக்கு ஒரு கட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கட்டு. வீட்டில் கிரைப்வாட்டர் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வரிசையாக வைத்திருப்போம். உப்புதான் பூக்கும் என்று சொன்ன அம்மாவே, யாரும் பார்க்காதபோது குனிந்து முகர்வாள்.

அந்த மாசமே சின்னம்மாவைப் பெண் பார்க்க எர்ணாவூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் பிட்டர். உயரமான, அதிகம் பேசாத மனிதர். பலகாரத் தட்டைவிட, ஜன்னலில் இருந்த பூவைத்தான் அதிகம் பார்த்தார். கடைசியில், "இத்த யாரு வளத்தது?" என்று கேட்டார். அம்மா சின்னம்மாவைக் காட்டினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க வூட்டாண்ட காலி எடம் நெறைய கீது" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சின்னம்மா உள்ளே ஓடிவந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் கையை அழுத்திப் பிடித்தாள். ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்று பேசினார்கள்.

அதற்குப் பிறகுதான், வலையின் ஓரத்தில் இருந்த ஒரு செடியை மட்டும் அவள் வெட்டாமல் விட்டாள். அதில் காய் பிடித்தது. லேசான ரோமத்தோடு, அச்சாகப் பட்டாணிக் காய். எர்ணாவூருக்குக் கொண்டுபோக விதை வேண்டும் என்று, அந்தக் காய்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்தாள்.

மாசி மாசம். அன்று காலையிலிருந்தே தம்பி சிணுங்கிக்கொண்டிருந்தான். கஞ்சி வேண்டாமென்று தள்ளிவிட்டான். கழுத்து வலிக்கிறது என்று சொன்னான். என் காதில் விழுந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சின்னம்மா உள்ளே மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் விட்டிருந்தார்கள். அழுகையை நிறுத்துவதற்காகச் சொப்பை எடுத்துவைத்துச் சோறாக்கி விளையாடினேன். எல்லாம் இருந்தது, குழம்புக்குக் காய் இல்லை. எழுந்துபோய் அந்த ஓரச் செடியில் ஐந்து காய் பறித்துவந்தேன். நூலைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டேன்.

ஒன்றை நான் உரித்துக்கொண்டிருக்கும்போதே, தம்பி இன்னொன்றை எடுத்துக் கடித்துவிட்டான். கடித்த வேகத்தில் மூஞ்சியைச் சுளித்து, "த்தூ" என்று என் உள்ளங்கையிலேயே துப்பினான். முழுவதும் துப்பினான். நான் அவன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பாவாடையால் நாக்கைத் துடைத்தேன். உள்ளே மெஷின் சத்தம் நின்றது. சின்னம்மா வந்துவிடுவாளோ என்று பயந்து, நான் உரித்தது போக, கடித்ததையும் சேர்த்து மீதி நான்கு காயையும் அவன் டிராயர் பாக்கெட்டில் திணித்து, "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றேன். அவன் சொல்லவில்லை.

மறுநாள் காய்ச்சல் வந்தது. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்று அம்மா முடிவுகட்டினாள். தெருவில் நாலு பிள்ளைகளுக்கு வந்து போயிருந்தது. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவனுக்குப் போட்டாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். தங்கம் பட்டால் இறங்கிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்றாம் நாள் பால் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. மத்தியானம் நைனா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனார். திரும்பி வந்து, "மருந்து குடுத்துக்கீறாரு, செரியாப்பூடும்" என்று ஒரு சிவப்புத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போனார்.

விடிந்தபோது அவன் மூச்சு இழுக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. ஆணியில் தொங்கிய டிராயரை அவசரமாக மாட்டி, ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு நைனாவும் அம்மாவும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மத்தியானச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு அதே ரிக்‌ஷாவில் திரும்பினார்கள். அம்மா அழவில்லை. மடியில் அவன் தூங்குவதுபோல் கிடந்தான்.

கிறிஸ்துமஸுக்குத் தைத்த சட்டையைப் போடலாம் என்று மீன்காரம்மாதான் அவனுக்கு உடை மாற்றினாள். டிராயரை உருவும்போது பாக்கெட்டிலிருந்து ஏதோ விழுந்தது. வதங்கிப்போன நான்கு காய். ஒன்றில் பல் பட்ட தடம்.

"இன்னா இது?" என்றாள்.

அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இத்தத் துன்னானா?"

துப்பிவிட்டான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலை மட்டும் ஆடியது. ஆமாம் என்று ஆடியது.

"யாரு பறிச்சுக் குடுத்தது?"

நான் அந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டேன். சின்னம்மா கதவோரம் ஈரத்துணியோடு நின்றிருந்தாள். நான் அவளைத்தான் பார்த்தேன். சத்தியமாக அவளைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கவில்லை. காப்பாற்றச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் என் பார்வை போன பக்கம் எல்லாருடைய பார்வையும் போனது. சின்னம்மா என் முகத்தையும் காலடியில் இருந்த ஈரத்தையும் பார்த்தாள்.

"நாந்தான்க்கா" என்றாள்.

நைனா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் தலை நிமிரவேயில்லை.

அம்மா சின்னம்மாவை அடிக்கவில்லை. நேரே வாசலுக்குப் போனாள். இரண்டு கையாலும் வலையைப் பிடித்து இழுத்தாள். மூங்கில் முறிந்தது. ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கி, சுருட்டி, தெருவில் வீசினாள். வலை கிழித்து அவள் விரல்களில் ரத்தம் வந்தது. பூத்துக் குலுங்கிய செடிகள். கசங்கியதில் வாசனை முன்னைவிட அதிகமாக வந்து, வீட்டுக்குள் பிள்ளை கிடந்த இடம்வரை நிரம்பியது. அடக்கம் முடித்து வந்தபோது, தெருவில் திரியும் ஆடுகள் அந்தக் குவியலைக் காய், கொடி ஒன்று விடாமல் தின்று தீர்த்திருந்தன. மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த ஆடுகள் எங்கள் வாசலில்தான் படுத்திருந்தன, ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

விஷக்காய் கொடுத்தவள் என்ற பேச்சு எர்ணாவூர்வரை போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டார்கள். அந்த உயரமான மனிதர் மட்டும் ஒரு நாள் சாயந்திரம் சைக்கிளில் எங்கள் சந்து முனைவரை வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார் என்று மீன்காரம்மா சொன்னாள். சின்னம்மாவிடம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இருந்த அறைக்குள்ளும் போகவில்லை. நாற்பதாம் நாளுக்குள் பங்குச் சாமியார் சிபாரிசு செய்து, கோலார் தங்கவயலில் கன்னியர் நடத்தும் பெண்பிள்ளைகள் விடுதியில் தையல் வேலைக்கு அவளை அனுப்பிவைத்தார். கிளம்புகிற காலையில் அவள் என் தலையைப் பின்னிவிட்டாள். "நல்லா படி" என்றாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளிடமிருந்து ஒரு கார்டு வரும். அம்மா அதைப் படிக்காமல் அடுப்பில் போடுவாள்.

நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். பத்தொன்பது வயதில், குழந்தைகள் வார்டில் ஒரு நாள், திரைக்குப் பின்னாலிருந்து அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுத் திரையை விலக்கினேன். நாலு வயதுப் பெண்குழந்தை. எருதுக்கு இருப்பதுபோல் வீங்கிய கழுத்து. மூக்கு வழியே வரும் பால். சிஸ்டர் அதன் வாயைத் திறந்து, தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்த தோலைக் காட்டி, "டிப்தீரியா. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வாழ்நாளில் மறக்கக் கூடாது" என்றார். சீக்கிரம் கொண்டுவந்து மருந்து ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும் என்றார். அந்தக் குழந்தை பிழைத்தது.

புத்தகங்களைப் புரட்டினேன். அந்தப் பூச்செடியின் விதையை நாள்கணக்கில் உணவாகத் தின்றால்தான் கெடுதல். ஒரு காயைக் கடித்துத் துப்பியதால் எந்தக் குழந்தையும் சாகாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். பூசை முடிந்து அம்மா இன்னும் வரவில்லை. நைனா தனியாகக் குழாயடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலசுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா" என்றார்.

"இன்னா தெரியும் நைனா?"

"ஆஸ்பத்திரிலயே டாக்டர் சொன்னாரு. இன்னா நோவுன்னும் சொன்னாரு. அதுக்கு மொத நாளே தெருமுன டாக்டர் சீட்டு எய்திக் குடுத்தாரு, ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன்னு. கப்பலு நின்னுகினு இருந்துச்சு. ஆளு இல்ல, இன்னிக்கி வராதவன் இனிமே வேலைக்கே வராதன்னுட்டாங்க. காத்தால போலாம்னு சீட்ட பாக்கெட்ல வெச்சுகினு டூட்டிக்குப் போய்ட்டேன். ஒரு ராத்திரிதானேன்னு நெனச்சேன்."

"சின்னம்மா மேல பழி வந்தப்ப ஏன் சொல்லல?"

வேட்டியைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே இருந்தார், அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன். அவ நாந்தான்னு சொன்னதும், வாய் அடச்சுகிச்சு. அப்பால நாளு போவப் போவ சொல்ல முடியல. உங்கம்மாவாண்ட சொல்லாதம்மா. இத்தக் கேட்டா அவ என்ன வுட்டுப் பூடுவா."

நான் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, சின்னம்மாவுக்கும் எழுதவில்லை. நைனாவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். காயைப் பறித்தது யார் என்று மறுபடி கேள்வி வரும் என்ற பயம், பத்தொன்பது வயதிலும் எனக்குப் பத்து வயதில் இருந்ததுபோலவே இருந்தது. தினமும் அடுத்தவர் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே ஆறு வருஷம் சும்மா இருந்தேன்.

நைனா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று, அம்மாவிடம் சொன்னேன். துப்பியது, பறித்தது, சீட்டு, எல்லாம். கேட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த நைனா படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினஞ்சு வருசம் என் கையால சோறு துன்னாரு, ஒரு வார்த்த சொல்லல" என்றாள். அப்புறம், "நீ போய் அவளாண்ட சொல்லு. நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு போறது?" என்றாள்.

தங்கவயலில் அந்த விடுதி ஒரு மேட்டின்மேல் இருந்தது. தையல் அறையில் ஐந்து மெஷின்கள். ஜன்னல் ஓரத்து மெஷினிலிருந்து எழுந்து வந்தவளுக்கு முன் தலை நரைத்திருந்தது, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அக்காவுக்கு இன்னா ஆச்சு?" என்றாள் முதலில்.

அம்மா நன்றாக இருப்பதையும் நைனா போனதையும் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டாள். பெஞ்சில் உட்காரவைத்துக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். காப்பி ஆறியது. நான் சொன்னேன்.

"சின்னம்மா, அந்தக் காயப் பறிச்சது நான்."

"தெரியும்" என்றாள். "நீ நின்ன நிப்பப் பாத்தே தெரிஞ்சுகினேன். அன்னிக்கி அக்காவுக்குக் கண்ணு மண்ணு தெரியல. உன்ன அடிச்சே கொன்னுருப்பா. நீ கொயந்த. அந்த வெதைய வூட்டுக்குள்ள கொண்டாந்தது நானு. பாவம் எனுதுதானே?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னாள் என்று மட்டுமே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பிள்ளை தன் செடியால்தான் செத்தான் என்று அவளும் நம்பியிருக்கிறாள். பதினைந்து வருஷமும் நம்பியிருக்கிறாள்.

"காயால இல்ல சின்னம்மா. அவன் அத்தத் துப்பிட்டான். அதுக்கு முன்னாடியே அவனுக்கு நோவு வந்துருச்சு. தொண்டை அடைப்பான்னு ஒரு நோவு. நான் வார்டுல பாத்தேன். ஆஸ்பத்திரி டாக்டரும் அன்னிக்கே சொல்லிட்டாரு."

அவள் என் வாயையே பார்த்தாள். "இன்னொரு தபா சொல்லு" என்றாள். சொன்னேன். நோயின் பெயரை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். கையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு?"

"ஆறு வருசமாத் தெரியும்."

"ஆறு வருசமாவா?" என்றாள். கோபம் இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பக்கத்துக் கட்டடத்தில் பெண்பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிம்மதியாக மூச்சு விடுவாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்றெல்லாம் ரயிலில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் முகத்தில், தன் வீட்டுக்குள்ளேயே வழி தவறிப்போனவள்போல ஒரு திகைப்பு மட்டும்தான் இருந்தது.

"தெனம் காத்தால எயுந்ததும் முட்டி போட்டு உன் தம்பிகிட்ட மன்னிப்புக் கேப்பேன்" என்றாள். "அப்பாலதான் மூஞ்சி கயுவறது, காப்பி குடிக்கறது எல்லாம். ஒரு நாளும் வுட்டதில்ல. காய்ச்சல்ல படுத்துக் கெடந்தப்பகூட கேட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காத்தால எயுந்து நான் அவங்கிட்ட இன்னா சொல்றது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் படித்தவள், எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டாள்.